கத்திரி வெயிலில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு

பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சையை முடித்துவிட்டு மதுரையிலும், சுற்றி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கங்களிலும் வீட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்கு,

அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். அப்பாவும் அம்மாவும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பதினோரு மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியவில்லை. அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சு ராத்திரிதான் தொடங்கும். அதுவரை நீண்டு கிடக்கிற பகலில் உங்களுக்கு ஒரு வேலை சொல்லத்தான் இந்தக் கடிதம். மாம்பழத்தையும் தயிரையும் சேர்த்து, குளிர வைத்துச் சாப்பிடும் ஓர் இனிப்பை நீங்களே செய்யுங்கள். பால் காய்ச்சுவதைத் தவிர இதில் அடுப்புக்கு வேலையே இல்லை. பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தங்கச்சி செய்வாள், நாம் சாப்பிடலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தண்ணீரை வடித்து, சர்க்கரை சேர்த்துக் குழைத்தால் அது ஸ்ரீகண்ட். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் வீட்டுக்கு வீடு செய்வார்கள். மராட்டியர்கள் தங்கள் வருடப்பிறப்பான குடி பாட்வா அன்று சுடச்சுடப் பூரியோடு இதைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். மாம்பழ விழுது சேர்ந்தால் ஆம்ரகண்ட். பேர்தான் நமக்குப் புதிது. தயிர்சோற்றுக்கு மாம்பழம் தொட்டுக்கொள்ளாத வீடு நம் பக்கத்தில் உண்டா? கொட்டையைத் தயிர்சோற்றிலேயே பிழிந்து பிசைந்து கொடுத்த கை ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். காரைக்கால் அம்மையார் சிவனடியாருக்குச் சோற்றோடு மாங்கனி வைத்து அமுது படைத்த கதை பெரியபுராணத்தில் வருகிறது. அது தயிர்சோறு என்றுதான் நம் ஊரில் வழிவழியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். காரைக்காலில் ஆனி மாதம் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் இன்றைக்கும் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். மாம்பழமும் தயிரும் சேர்ந்தால் என்ன ருசி என்று உங்கள் நாக்குக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்பீர்கள். உங்களில் பலருக்கு மாம்பழத்தின் ருசி பாட்டில் வழியாகத்தான் பழக்கமாகியிருக்கிறது, அதனால்தான். பழ பானம் என்று எழுதி விற்க, இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே போதும். மீதியெல்லாம் பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். அந்த ருசிதான் மாம்பழம் என்று மனதில் பதிந்துவிட்டால், நத்தத்திலிருந்து வந்து இறங்குகிற பழத்தைக் கடித்தாலும் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும். நல்ல பழத்தை மூக்கும் கையும் வைத்து அடையாளம் காண்பது ஒரு படிப்பு. அதைச் சொல்லித்தர வேண்டிய பெரியவர்கள் எல்லா வீட்டிலும் பக்கத்தில் இருப்பதில்லை. இந்த வயதில் கற்றுக்கொண்டால் கடைசி வரை மறக்காது.

முதலில் பழம். நத்தம், அழகர்கோவில், பாலமேடு, அலங்காநல்லூர் என்று நம்மைச் சுற்றி மாந்தோப்புகள். மேற்கே பெரியகுளம், தெற்கே ராஜபாளையம். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியில் நீலம் என்கிற மா ரகத்தை மற்ற ரகங்களோடு கலப்புச் செய்து புது மா ரகங்களையே உருவாக்கியிருக்கிறார்கள். அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கிறவர்கள் அந்தக் கல்லூரியைப் பற்றியும் விசாரித்து வையுங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் வந்து இறங்குவதில் இந்த இனிப்புக்குத் தோதானது எது என்று பார்ப்போம். விழுது கெட்டியாக இருக்க வேண்டும், நார் இருக்கக் கூடாது, மணம் தூக்கலாக இருக்க வேண்டும். இமாம்பசந்து கிடைத்தால் அதுதான் முதலிடம். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு பழமே அரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். தோல் மெலிசு, சதையில் நார் என்பதே இல்லை. அதற்கு அடுத்து பங்கனப்பள்ளி. எளிதாகக் கிடைக்கும், கையைக் கடிக்காது. மல்கோவா சதைப்பற்றானது, கொஞ்சம் தாமதமாக வரும். ராஜபாளையத்துச் சப்பட்டை கண்ணில் பட்டால் விடாதீர்கள். செந்தூரத்தில் மணம் உண்டு, ஆனால் சாறு அதிகம், விழுது நீர்த்துப்போகும். கிளிமூக்கு உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடத்தான் லாயக்கு. கூழ் ஆலைகள் அதை வாங்குவது அவர்கள் கணக்கு, நமக்கு அதில் இனிப்பு போதாது.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இமாம்பசந்து நன்றாகப் பழுத்த பிறகும் பாதிப் பச்சையாகவே இருக்கும். பழத்தைக் கையில் எடுத்து, காம்பு இருந்த இடத்தில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். அங்கே மணம் வந்தால் பழம் பழுத்திருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால், மேலே எவ்வளவு மஞ்சளாகப் பளபளத்தாலும் கீழே வைத்துவிடுங்கள். கூடை முழுக்க ஒரே சீராக, சாயம் பூசியது போன்ற மஞ்சளாக இருந்து மணமும் இல்லை என்றால் கல் வைத்துப் பழுக்க வைத்ததோ என்று சந்தேகப்படலாம். நம் ஊரில் 'கல்' என்று சொல்வது கால்சியம் கார்பைடை. ஈரம் பட்டால் அது அசிட்டிலின் வாயுவை விடும். பழத்தின் தோல் மாறுமே தவிர உள்ளே கொட்டையைச் சுற்றிக் காயாகவே கிடக்கும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை இதைத் தடை செய்திருக்கிறது. எத்திலின் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. பழம் தானாகப் பழுக்கும்போது தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் வாயுவும் அதுதான்.

எல்லாவற்றையும் விட நல்ல வழி, முற்றிய காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைப்பது. வைக்கோல் கிடைத்தால் வைக்கோல். இல்லாவிட்டால் செய்தித்தாளில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வையுங்கள். மூன்று நான்கு நாளில் சமையலறைக்குள் நுழைந்தாலே தெரியும். பழுக்காத காயை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். குளிர் பட்ட காய் அதற்குப் பிறகு சரியாகப் பழுக்காது, தோல் கறுத்து ருசியில்லாமல் போய்விடும். பழுத்ததும் காம்பு முனையைச் சீவி, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். காம்பிலிருந்து வரும் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும்.

இனி தயிர். பழத்தைவிட இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் ஒரு லிட்டர் வாங்குங்கள். அதில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. நீல பாக்கெட்டில் 3 சதவீதம்தான், வடித்தால் தயிர் வறண்டு மணல் மணலாக நிற்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு எருமைப்பால் கிடைத்தால் ஆவினைத் தேடவே வேண்டாம். பாலைப் பொங்கக் காய்ச்சி, இன்னும் ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்குங்கள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு ஸ்பூன் தயிரை உறை ஊற்றிக் கலக்கி மூடுங்கள்.

எப்போது உறை ஊற்றுவது என்பதில் மதுரைக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். வடக்கத்திச் சமையல் குறிப்புகள் எல்லாம் ராத்திரி உறை ஊற்றச் சொல்லும், ராத்திரி முழுக்கத் துணியில் கட்டித் தொங்கவிடச் சொல்லும். கத்திரியில் நம் வீட்டுச் சமையலறை ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெந்துகொண்டுதான் இருக்கிறது. பத்து மணிக்கு உறை ஊற்றினால் நடுச்சாமம் தாண்டி இரண்டு மூன்று மணிக்கே தோய்ந்துவிடும். நாம் எழுந்திருக்கும்போது புளித்திருக்கும். அதனால் காலையில் ஏழு மணிக்கு ஊற்றுங்கள். பதினோரு மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்திரத்தை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். அசையாமல் ஆடை கட்டி நின்றதும் உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். இனிப்புத் தயிர் வேண்டுமென்றால் இந்த ஒரு மணி நேரக் கவனம்தான் எல்லாம்.

உயிரியல் படித்தவர்களுக்கு உள்ளே நடப்பது புரியும். உறையிலிருக்கும் லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் பாலின் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடக்கூட கேசீன் என்கிற புரதம் ஒன்றோடொன்று பின்னி வலையாகிறது. கொழுப்பும் தண்ணீரும் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கின்றன. கெட்டித் தயிர் என்பது அந்த வலைதான். கரண்டியை விட்டுக் கலக்கினால் வலை அறுந்து, வடிய வேண்டியதற்கு மேல் வடிந்து, கொழுப்பும் கொஞ்சம் போய்விடும். அதனால் தயிரைக் கலக்காமல் அப்படியே துணியில் சரித்துவிடுங்கள்.

துணி, பழைய வெள்ளை வேட்டித் துண்டாக இருந்தால் போதும். சோப்பு வாசம் போக வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள். அக்காவின் சுங்குடித் துப்பட்டாவைக் கிழித்துவிடாதீர்கள், சாயம் தயிரில் இறங்கும். நான்கு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, குழாயில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, கீழே பாத்திரம் வையுங்கள். முதலில் சொட்டுச் சொட்டென்று வேகமாக விழும். அந்தத் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், இளம்பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். வைட்டமின் பி2 என்று பாடத்தில் படித்தீர்களே, ரிபோபிளேவின், அதன் நிறம் அது. ஒரு மணி நேரம் ஆனதும் மூட்டையை வடிதட்டில் வைத்து, அடியில் பாத்திரம், மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் குழவிக்கல்லோ தண்ணீர்ச் செம்போ வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள். ஐந்தாறு மணி நேரம் அங்கேயே வடியட்டும். வெளியிலேயே தொங்கவிட்டால் புளித்துவிடும் என்பது மட்டும் மறக்கக் கூடாது.

எடுத்துத் துணியைப் பிரித்தால் வெண்ணெய் போல உருண்டையாக, துணியில் ஒட்டாமல் கழன்று வரும். விரலால் ஒரு கோடு கிழியுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 400 கிராம் தேறும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்புப் போட்டால் நீர்மோருக்கு நீர்மோர். சப்பாத்தி மாவு பிசைந்தாலும் மெத்தென்று வரும்.

இனி கலப்பது. இந்த அளவுக்கு 60 கிராம் சர்க்கரையைப் பொடித்துக்கொள்ளுங்கள், பழம் புளிப்பாக இருந்தால் 80. முழுச் சர்க்கரை குளிர்ந்த தயிரில் கரையாமல் பல்லில் கடிபடும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் நல்ல பொருள்கள்தான், ஆனால் மாம்பழத்தின் மணத்தை அமுக்கிவிடும், இதற்கு மட்டும் வேண்டாம். சர்க்கரைப் பொடியைத் தயிரில் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டால் கொஞ்சம் இளகும். அதை மாவு சலிக்கும் சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். சல்லடைக்கு அடியில் நூல் நூலாக இறங்கி, வழித்து எடுத்தால் கட்டியே இல்லாமல் பட்டாக இருக்கும். கை வலிக்கும். வலிக்கிறதே என்று மிக்ஸியில் போட்டுவிடாதீர்கள், பிளேடு வலையை அறுத்து லஸ்ஸியாக்கிவிடும். மாம்பழத்தை வேண்டுமானால் மிக்ஸியில் அடியுங்கள், தண்ணீர் ஒரு சொட்டு விடக் கூடாது. விழுது ஒரு டம்ளர் அளவு இருந்தால் போதும். அதையும் மொத்தமாகக் கொட்டாமல் இரண்டு மூன்று கரண்டியாகச் சேர்த்து மடித்து மடித்துக் கலக்குங்கள். நான்கு ஏலக்காயைப் பொடித்துப் போடுங்கள், உப்பு ஒரு சிட்டிகை. மாம்பழ எசன்ஸும் கேசரிப் பவுடரும் பக்கத்திலேயே வரக் கூடாது. கலந்ததும் ருசி பாருங்கள். இப்போது கொஞ்சம் தூக்கலாக இனிக்க வேண்டும், குளிர்ந்த பிறகு நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும்.

கிண்ணங்களில் எடுத்து மூன்று மணி நேரம் குளிர வையுங்கள். சாப்பிடுவதற்குச் சற்று முன்பு பழத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி மேலே தூவுங்கள். ஐஸ் கட்டி போடக் கூடாது. இரண்டு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது, புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

எல்லா வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் எழுதவில்லை. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாலை மண்சட்டியில் உறை ஊற்றுங்கள். மானாமதுரையில் செய்த சட்டி மதுரையிலேயே கிடைக்கிறது. 2023-இல் அந்த ஊர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுட்ட மண்ணில் இருக்கும் நுண்துளைகள் தயிரின் தண்ணீரை உறிஞ்சி வெளிப்பக்கம் கசிய விடும், கசிந்தது ஆவியாகும்போது சட்டி குளிரும். தயிர் பாதி வேலையை அதிலேயே முடித்துக்கொள்ளும். பிறகு துணியில் கட்டி இரண்டு மணி நேரம் மட்டும் வடித்து, கலந்து, சட்டியை ஈரத்துணி சுற்றித் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்து, அன்று சாயங்காலமே சாப்பிட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜ் குளிர் இருக்காது. ஆனால் மண்ணின் வாசமும் மாம்பழ வாசமும் சேர்ந்து வரும், அது ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டுக்குக் கிடைக்காது.

வீட்டில் பாட்டி இருந்தால் மாம்பழம் சூடு, தயிரோடு சேர்த்துச் சாப்பிடாதே என்பார். எதிர்த்துப் பேச வேண்டாம். தினமும் மூன்று வேளையும் இதையே சாப்பிட்டால் வயிறு கெடத்தான் செய்யும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னக் கிண்ணம் என்றால் பாட்டியே சமாதானமாகிவிடுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால், சர்க்கரை போடுவதற்கு முன்பே கொஞ்சம் தயிரைத் தனியாக எடுத்து, இரண்டு ஸ்பூன் விழுது மட்டும் சேர்த்துக் கொடுங்கள். அதையும் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பழம் வாங்கும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2025 கோடையில் விளைச்சல் அள்ளிக் கொடுத்தது. கூழ் ஆலைகளோ முந்தின வருடச் சரக்கே தேங்கிக் கிடக்கிறது என்று கொள்முதலைக் குறைத்தன. கிருஷ்ணகிரி முதல் திண்டுக்கல் வரை விலை விழுந்தது, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று மரத்தடியில் பழம் அழுகக் கிடந்தது. வருடம் முழுக்க மரத்தைப் பார்த்துக்கொண்டவர், ஆலை எடுத்தால்தான் உண்டு என்று நிற்க வேண்டியிருக்கிறது. வீடுகளில் நாம் இந்த மாதிரிச் செய்யத் தொடங்கினால் அந்த நிலைமை ஒரே நாளில் மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நத்தம் ரோட்டிலும் அழகர்கோவில் ரோட்டிலும் சாக்கை விரித்து, தன் தோப்புப் பழத்தைத் தானே விற்க உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு கிலோ வாங்கினால் அந்தக் காசு அவர் கைக்கு நேராகப் போகிறது. எந்தப் பழம் எந்தக் கிழமை பதமாகும் என்று கேட்டால் அவரே பிரித்துக் கொடுப்பார். பேரம் பேசாதீர்கள்.

பழக்கமானதும் மற்றப் பழங்களில் செய்து பார்க்க ஆசை வரும். வாழைப்பழம் கறுத்துப்போகும், ஆனாலும் ருசி நன்றாக இருக்கும். சீத்தாப்பழத்துக்கு ஆவணி வரை பொறுக்க வேண்டும். அன்னாசியைப் பச்சையாகச் சேர்க்காதீர்கள், அதிலுள்ள புரோமெலின் என்கிற நொதி பால் புரதத்தை உடைத்துக் கொஞ்ச நேரத்தில் கசப்பாக்கிவிடும். வேகவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் அந்தத் தொந்தரவு இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் மாம்பழம் இருக்கும். பங்கனப்பள்ளி முடிகிற நேரத்தில் நீலம் வரும், ஆனி முழுக்க மலிவாகக் கிடைக்கும். சின்னப் பழம், மணம் நிறைய, இந்த இனிப்புக்கு நன்றாகவே பொருந்தும். அதில் கொட்டைக்குள் வண்டு இருப்பது சகஜம். வண்டைப் பார்த்ததும் பழத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு கன்னத்தையும் முதலில் வெட்டி எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சதையில் ஒன்றும் இருக்காது. சதையில் துளையோ கறுப்போ தெரிந்த பழத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதியை வழித்து விழுதாக்குங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் அத்தை ஒருத்தி